நான்கு சென்டிமீட்டர்

கூமெரா ஆற்றங்கரைக் கொட்டகையில்
முப்பத்து நான்கு மீட்டர் நீளத்துக்கு
ஒரு வெள்ளை படுத்திருக்கிறது.
இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை.
அதன் அறைகளை வரைவது என் வேலை.

உரிமையாளர் அறை நடுக்கப்பலில்,
ஆட்டம் மிகக் குறைவான இடம்.
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை
முழு அகலமும் அவருக்கே.
தலையணையிலிருந்து பார்த்தால்
கண்மட்டத்தில் கடல் நிற்கும் ஜன்னல்.
குளியலறை பளிங்கு.
பளிங்கு என்பது ஒரு பேச்சுக்கு:
ஆறு மில்லிமீட்டர் கல்,
முதுகில் அலுமினியத் தேன்கூடு.
ஓக் மரமும் அப்படித்தான்,
நகத்தைவிட மெல்லிய ஒரு தோல்.
கனம் ஏறினால் வேகம் குறையும்.
எனவே இந்தக் கப்பலில்
செல்வம் முழுவதும் ஒட்டித்தான் இருக்கிறது.

மூலைகளையெல்லாம் உருட்டிவிட்டேன்
அலையில் தடுமாறும் இடுப்புகளுக்காக.
இழுப்பறைகளுக்கு அமுக்குப் பூட்டு
(நெராங்கில் என் வாடகை வீட்டு இழுப்பறை
லாரி போனாலே திறந்துகொள்ளும்).
ஷாம்பெய்ன் குவளைகளுக்கு
அறுபத்து நான்கு குழிகள்,
ஒவ்வொன்றிலும் மென்தோல் விரிப்பு.
கலம் என்றால் கப்பல். கலம் என்றால் பாத்திரமும்.
கலத்துக்குள் கலம் அலுங்காமல் தூங்க
மூன்று வாரம் வரைந்திருக்கிறேன்.

பிறகு அணியம்.
இரண்டு பக்கச் சுவரும் நெருங்கிவந்து
மூக்காகிற இடம்.
நங்கூரச் சங்கிலிக்கு இந்தப் புறம்
பணியாளர் அறை.
அலை முதலில் அறைவது இங்கேதான்,
காதிலிருந்து ஒரு சாண் தள்ளி.
அடுக்குப் படுக்கை, நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
செவ்வாய்க்கிழமைவரை.

செவ்வாய்க்கிழமை திரு. பிரெய்த்வைட் வந்தார்.
நல்ல மனிதர், எனக்கும் காப்பி வாங்கிவந்தார்.
வரைபடத்தில் கட்டைவிரலை வைத்து
"இந்தச் சுவர் கொஞ்சம் முன்னால் போகட்டுமே,
ஒயின் அலமாரிக்கு" என்றார்.
ஒன்றுக்கு ஐம்பது அளவில்
அவர் கட்டைவிரல் ஒரு மீட்டர் அகலம்.
இரண்டு படுக்கையும் அதனடியில் போயின.
விரலை எடுத்தபோது
நூற்று எண்பத்து நான்கு.

ஒட்டுப்பலகையில் மாதிரி அறை கட்டினோம்.
மெரெயோனியைக் கூப்பிட்டேன்,
அவருடைய பழைய படகில் மூன்று வருடம் பரிமாறியவள்,
இதிலும் வரப்போகிறவள்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.
குதிகால் ஒரு சுவரில், உச்சந்தலை மறு சுவரில்
படுகிறதா இல்லையா என்ற அளவு.
முழங்காலை மடக்கினாள். நீட்டினாள்.
ஏதாவது சொல்வாள் என்று
பென்சிலோடு நின்றேன்.
"போனை எங்கே வைப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அறுபத்து நான்கு குழிகள்.

அன்றிரவு கொட்டகையில்
நானும் கணினியும் ஒரு ஐபிஸ் பறவையும்.
அது குப்பைத்தொட்டியைக் கிளறியது.
நான் வரைபடத்தைக் கிளறினேன்.
உரிமையாளரின் கோட்டு அலமாரி முதுகில் ஒன்று.
விருந்தினர் நடையில் ஒன்று.
ஒயினுக்குப் பின்னால் காற்று போகும் சந்தில்,
காற்று மன்னிக்கட்டும், இரண்டு.
சுவர்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினேன்,
தூங்குகிறவர் போர்வையை இழுப்பதுபோல்.
தலைமாட்டில் ஒரு குழி:
குவளைக் குழியின் அதே ஆழம், அதே மென்தோல்.

திருத்தம் எச்.
காரணம் எழுதும் கட்டத்தில்
'சிறு மாற்றங்கள்' என்று தட்டச்சினேன்.

காலையில் தச்சர் டெஸ்மண்ட்
தாளைப் பார்த்தார், டேப்பை இழுத்தார்,
திரும்பி என்னைப் பார்த்தார்.
ரம்பத்தை ஓடவிட்டார்.

நூற்று எண்பத்தெட்டு.
இன்னும் இரண்டு கிடைக்குமா என்று
ஆறாவது கழிவறையின் கதவைப்
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.